கெட்டிஸ்பர்க்தான் திருப்புமுனையா? ஒரு சண்டையும் ஓர் உள்நாட்டுப் போரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தப் போரைப் பற்றி இந்தப் பேச்சு?

அமெரிக்க உள்நாட்டுப் போர். 1861 ஏப்ரல் 12 அன்று தென் கரோலினாவின் சம்டர் கோட்டை மேல் குண்டு விழுந்ததில் தொடங்கியது. 1865 ஏப்ரல் 9 அன்று அப்போமாட்டாக்ஸ் என்ற சிற்றூரில், தெற்கின் பெருந்தளபதி ராபர்ட் லீ வடக்கின் தளபதி யுலிசிஸ் கிராண்டிடம் சரணடைந்ததோடு ஏறக்குறைய முடிந்தது. அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்ளத் தென் மாநிலங்கள் 11 பிரிந்துபோய்த் தனி அரசு அமைத்தன. பிரிய விடமாட்டோம் என்று குடியரசுத் தலைவர் லிங்கன் படை திரட்டினார். இறந்தவர்கள் 6,20,000 பேர் என்று நெடுங்காலமாகச் சொல்லிவந்தார்கள். 2011-இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை வைத்துத் திரும்பக் கணக்குப் போட்டபோது அது 7,50,000-ஐ நெருங்கியது. அவர்களில் பாதிக்கு மேல் நோயில் செத்தவர்கள்.

ஒரே ஒரு சண்டை இவ்வளவு பெரிய போரைத் திருப்பிவிட முடியுமா? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

களத்தில் நடந்ததை மட்டும் வைத்துப் பார்த்தால், இந்தப் போரில் முடியவில்லை. ஆனால் ஒரு சண்டை முடிந்த மறுவாரம் யாராவது அதைக் கையில் எடுத்து வேறொன்றைச் செய்திருந்தால், முடியும். அப்படி ஒன்று நடந்தது. அது பலரும் நினைக்கிற சண்டை அல்ல.

திருப்புமுனை என்று எதை வைத்துச் சொல்வது?

நான் மூன்று கேள்விகள் கேட்டுப் பார்ப்பேன். அந்தச் சண்டைக்கு முன்பு போர் வேறு திசையில் போய்க்கொண்டிருந்ததா? அதற்குப் பிறகு பழைய திசைக்குத் திரும்பவே முடியாமல் போனதா? அந்த ஒரு நாள் மாறி நடந்திருந்தால் முடிவும் மாறியிருக்குமா?

மூன்றாவதுதான் வில்லங்கமானது. நடக்காத ஒன்றை நிரூபிக்க முடியாது. ஆனால் அதைக் கேட்காமல் விட்டால் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகிவிடும். கடைசியில் வடக்கு ஜெயித்தது, நடுவில் ஒரு பெரிய சண்டை வந்தது, ஆகவே அந்தச் சண்டையால்தான் ஜெயித்தது என்று சொல்லிவிடலாம். காக்கை எப்போது உட்கார்ந்தது என்று எல்லோருக்கும் தெரிகிறது. காம்பு எப்போது இற்றுப்போனது என்று யாரும் பார்ப்பதில்லை.

கெட்டிஸ்பர்க்கில் என்னதான் நடந்தது?

1863 மே மாதம் வர்ஜீனியாவில் சான்சலர்ஸ்வில் என்ற இடத்தில் லீ தன்னைவிட இரு மடங்கு பெரிய படையை விரட்டியடித்திருந்தார். அந்தச் சூட்டோடு வடக்கே பென்சில்வேனியாவுக்குள் நுழைந்தார். போர் தின்று தீர்த்திருந்த வர்ஜீனியாவுக்கு ஓர் அறுவடைக் காலமாவது ஓய்வு கிடைக்க வேண்டும், வடக்கின் வயல்களில் இருந்து படைக்குச் சோறு வேண்டும், வடக்கில் "போதும், சமாதானம் பேசுங்கள்" என்கிறவர்களின் குரல் உயர வேண்டும். இவைதான் கணக்கு.

கெட்டிஸ்பர்க் அப்போது சுமார் 2,400 பேர் வாழ்ந்த ஊர். பல சாலைகள் அங்கே கூடுகின்றன. படைகளும் அங்கேயே முட்டிக்கொண்டன. வடக்கின் தளபதி ஜார்ஜ் மீட் பொறுப்பேற்று மூன்றே நாள் ஆகியிருந்தது. ஜூலை 1, 2, 3 என மூன்று நாள் சண்டை. முதல் நாள் தெற்கின் கை ஓங்கியது. வடக்குப் படை ஊருக்குத் தெற்கே குன்றுகள் மேல் ஏறிக்கொண்டது. இரண்டாம் நாள் அந்தக் குன்று வரிசையின் இரு முனைகளையும் லீ மோதிப் பார்த்தார், முடியவில்லை. மூன்றாம் நாள் பீரங்கிகளை முழங்கவிட்டு, சுமார் 12,500 பேரைத் திறந்த வெளியில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நடக்கவைத்து எதிரியின் நடு வரிசை மேல் ஏவினார். அதில் போன தளபதி ஒருவரின் பெயரால் "பிக்கெட்டின் பாய்ச்சல்" என்று இன்றும் சொல்கிறார்கள். போனவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் செத்தார்கள், காயம்பட்டார்கள் அல்லது பிடிபட்டார்கள். தவறு முழுவதும் என்னுடையது என்று திரும்பி வந்தவர்களிடம் லீ சொன்னார். மூன்று நாளில் இரு தரப்பிலும் சேர்த்து ஆள்சேதம் (செத்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர், காணாமல் போனவர் எல்லாம் சேர்த்து) 50,000 அளவில்.

இதைவிடப் பெரிய திருப்பம் வேறென்ன வேண்டும்?

வேண்டியது நிறைய இருக்கிறது.

முதலில், லீயின் படை அங்கே அழியவில்லை. தோற்றது, ரத்தம் இழந்தது, ஆனால் மழையில் பொங்கிய பொட்டோமாக் ஆற்றங்கரையில் ஏறக்குறைய ஒரு வாரம் காத்திருந்து, ஜூலை 13 இரவு கடந்து ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. லிங்கனுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. பொன்னான வாய்ப்பு கைநழுவிப் போனது, என் வேதனைக்கு அளவில்லை என்று மீடுக்குக் கடிதமே எழுதினார். பிறகு யோசித்து, அனுப்பாமல் வைத்துவிட்டார். போர் திரும்பிவிட்டது என்று நம்புகிற மனிதர் எழுதுகிற கடிதமா அது?

அடுத்து, இரண்டு மாதம் கழித்து லீ தன் படையிலிருந்து தளபதி லாங்ஸ்ட்ரீட்டின் பிரிவுகளை ரயிலேற்றி மேற்கே அனுப்பினார். அவர்கள் போய்ச் சேர்ந்த சிக்கமாகா சண்டையில், செப்டம்பர் 19, 20 தேதிகளில், தெற்கு ஜெயித்தது. முதுகெலும்பு முறிந்த படையால் இப்படி ஆள் கொடுத்து உதவ முடியாது.

"கெட்டிஸ்பர்க்குக்குப் பிறகு தெற்கு வடக்கை எட்டிப் பார்க்கவே இல்லை" என்றும் சிலர் எழுதுகிறார்கள். அதுவும் சரியல்ல. 1864 ஜூலையில் ஜூபல் எர்லி என்ற தளபதி வாஷிங்டனின் விளிம்பிலிருந்த ஸ்டீவன்ஸ் கோட்டை வரை வந்துவிட்டார். வேடிக்கை பார்க்கப் போன லிங்கனே துப்பாக்கிச் சூட்டுக்குள் நின்றார்.

போரும் இன்னும் 21 மாதம் நடந்தது. அதில் 1864 மே, ஜூன் மாதங்களில் மட்டும், வர்ஜீனியாவில் லீயைத் துரத்திய கிராண்டின் படைக்கு ஆள்சேதம் சுமார் 55,000. கெட்டிஸ்பர்க்கில் இரு தரப்பும் இழந்ததைவிட அதிகம். கெட்டிஸ்பர்க்கில் தப்பிப் பிழைத்து வர்ஜீனியாவின் காட்டுக்குள் போன சிப்பாயிடம் "போன வருஷமே திரும்பிவிட்டதப்பா" என்று சொல்லியிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்?

லீ அங்கே ஜெயித்திருந்தால்?

இந்தக் கேள்விக்கு ரசிகர்கள் அதிகம். லீ ஜெயிக்கிறார், வாஷிங்டன் விழுகிறது, லிங்கன் பணிகிறார் என்று கதை ஓடும். ஆனால் ஜெயித்தாலும் லீயின் படையில் மூன்றில் ஒரு பங்கு கிழிந்திருக்கும், பீரங்கிக் குண்டுகள் அடிமட்டத்துக்கு வந்திருக்கும், காயம்பட்டவர்களின் வண்டிகள் மைல்கணக்கில் நீண்டிருக்கும். வாஷிங்டனைச் சுற்றி வளையமாகக் கோட்டைகள் இருந்தன. வெளி நாட்டில் நிரந்தரமாக உட்கார்ந்து சோறு தேட எந்தப் படையாலும் முடியாது. அவர் எப்படியும் வர்ஜீனியா திரும்பியிருப்பார் என்பதே என் கணிப்பு. வடக்கின் மனம் எப்படி ஆடியிருக்கும் என்பது வேறு விஷயம். அங்கே ஆபத்து உண்மையில் இருந்தது.

அதுவும் போக, லீ ஜூலை 3 அன்று ஜெயித்திருந்தாலும் ஜூலை 4 அன்று விக்ஸ்பர்க் விழுந்திருக்கும்.

விக்ஸ்பர்க்கா? அது எங்கே?

மிசிசிப்பி ஆற்றங்கரையில், ஆறு கொண்டை ஊசி போல வளைகிற இடத்தில், உயரமான மேட்டின் மேல். கீழே நியூ ஆர்லியன்ஸ், மேலே மெம்ஃபிஸ் என இரண்டும் 1862-லேயே வடக்கின் கைக்கு வந்துவிட்டன. நடுவில் ஆற்றை அடைத்துக்கொண்டு நின்ற பெரிய பூட்டு விக்ஸ்பர்க். தெற்கே ஹட்சன் துறை என்று சின்னதாக இன்னொன்று. இவை இருக்கும் வரை டெக்சாஸும் ஆர்கன்சாவும் தெற்கோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

கிராண்ட் குளிர்காலம் முழுக்கக் கால்வாய் வெட்டிப் பார்த்தார், சதுப்பு நிலத்தில் படகு விட்டுப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு 1863 ஏப்ரல் 16 இரவில் போர்ப்படகுகள் கோட்டைப் பீரங்கிகளுக்கு நேர் கீழே நெருப்புக்குள் நீந்திக் கடந்தன. 30-ஆம் தேதி படை ஆற்றைத் தாண்டியது. மே 1 முதல் 17 வரை ஐந்து சண்டைகள், ஐந்திலும் வெற்றி. தெற்கின் தளபதி பெம்பர்ட்டன் ஊருக்குள் அடைபட்டார். மே 19-லும் 22-லும் கோட்டையை நேரடியாக முட்டிப் பார்த்த கிராண்ட் இரண்டு முறையும் நன்றாக அடிவாங்கிக்கொண்டு, சரி, பட்டினி போடுவோம் என்று உட்கார்ந்துவிட்டார். 47 நாள் முற்றுகை. ஊர்மக்கள் மேட்டைக் குடைந்து குகைகளில் வாழ்ந்தார்கள். கோவேறு கழுதைக் கறி தின்றார்கள். உள்ளூர்ப் பத்திரிகைக்குக் காகிதம் தீர்ந்து, சுவரில் ஒட்டும் பூப்போட்ட தாளின் பின்பக்கத்தில் அச்சடித்தார்கள். அந்தப் பத்திரிகையின் ஜூலை 2 இதழில், ஜூலை 4 அன்று விக்ஸ்பர்க்கில் விருந்து சாப்பிடப்போகிறாராம் கிராண்ட், முயல் கறி சமைக்க முதலில் முயலைப் பிடிக்க வேண்டும் என்று நக்கல் அடித்திருந்தார்கள். 4-ஆம் தேதி ஊருக்குள் நுழைந்த வடக்குச் சிப்பாய்கள் அச்சுக்கோத்தபடியே இருந்த அந்தப் பக்கத்தில் ஒரு குறிப்பைச் சேர்த்து மறுபடி அடித்தார்கள்: கிராண்ட் முயலைப் பிடித்துவிட்டார்.

சரணடைந்தவர்கள் சுமார் 29,500 பேர். கெட்டிஸ்பர்க்கில் லீ இழந்த அளவுக்கு ஆட்கள். இங்கே படையோடு, கோட்டையோடு, 170-க்கும் மேற்பட்ட பீரங்கிகளோடு, ஆற்றோடு. ஐந்து நாள் கழித்து ஹட்சன் துறையும் விழுந்தது. நதிகளின் தந்தை இனி தடையில்லாமல் கடலுக்குப் போகிறார் என்ற பொருளில் லிங்கன் எழுதினார்.

அப்படியென்றால் விக்ஸ்பர்க்தான் விடையா?

கெட்டிஸ்பர்க்கைவிட நல்ல விடை. ஆனாலும் "ஒரே சண்டை" என்ற நிபந்தனையில் அது தோற்றுவிடுகிறது, ஏனெனில் அது சண்டையே இல்லை. ஆறேழு மாதம் நடந்த படையெடுப்பு. நம் புறத்திணைக்காரர்கள் இதில் கறாராக இருந்தார்கள். மதில் வளைப்பதற்கு உழிஞை, களத்தில் நேருக்கு நேர் பொருவதற்குத் தும்பை என்று பூவையே பிரித்துவைத்தார்கள். அந்தக் கணக்கில் விக்ஸ்பர்க் உழிஞை, கெட்டிஸ்பர்க் தும்பை. கதை சொல்கிறவர்களுக்குத் தும்பைதான் பிடிக்கும்.

இன்னொரு மறுப்பும் உண்டு. ஆற்றைக் கடந்து தெற்குக்கு வந்துகொண்டிருந்த மாடும் குதிரையும் 1862-லேயே குறைந்துவிட்டன. ஆகவே விக்ஸ்பர்க்கின் பெரிய விளைவு ஆறு கூட அல்ல, ஆள் என்று நினைக்கிறேன். அந்த வெற்றிதான் கிராண்டை அந்த ஆண்டு அக்டோபரில் டென்னசியின் சட்டனூகாவுக்கும், 1864 மார்ச்சில் மொத்தப் படைகளின் தலைமைக்கும் கொண்டுபோனது. போர் முழுவதிலும் தெற்கின் மூன்று படைகள் அவரிடம் முழுமையாகச் சரணடைந்தன: 1862-இல் டொனல்சன் கோட்டை, அப்புறம் விக்ஸ்பர்க், கடைசியில் அப்போமாட்டாக்ஸ்.

அதே வாரத்தில் வேறு எதாவது நடந்ததா?

நடந்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை. டென்னசியில் வில்லியம் ரோஸ்கிரான்ஸ் என்ற வடக்குத் தளபதி, ஜூன் கடைசியில் தொடங்கிப் பத்துப் பதினோரு நாளில், கொட்டும் மழையில் சேற்றில் புரண்டபடி, எதிரியின் பக்கவாட்டைச் சுற்றிச் சுற்றி வந்தே டென்னசி மாநிலத்தின் நடுப்பகுதி முழுவதையும் காலி செய்யவைத்தார். அவர் தரப்பில் ஆள்சேதம் 600-க்கும் குறைவு.

போர் அமைச்சர் ஸ்டாண்டனிடமிருந்து வந்தது பாராட்டு அல்ல. லீ கவிழ்ந்தார், கிராண்ட் ஜெயித்தார், கடைசி அடியை நீங்கள் கொடுக்காமல் விடப்போகிறீர்களா என்று தந்தி. ரோஸ்கிரான்ஸ் திருப்பி எழுதினார்: ரத்த எழுத்தில் எழுதப்படவில்லை என்பதற்காக இவ்வளவு பெரிய காரியத்தைக் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

கவனிக்காமல்தான் விட்டார்கள். இரண்டு மாதம் கழித்து சிக்கமாகாவில் தோற்றது அவர்தான், அதனால் பிறகும் யாரும் அவருக்காகப் பேச வரவில்லை.

அந்தக் காலத்து ஆட்களே 1863 ஜூலையில் போர் திரும்பியதாக நினைத்தார்களே?

சிலர் நினைத்தார்கள், அதை மறுக்க முடியாது. தெற்கின் தளவாடத் துறைத் தலைவர் ஜோசையா கோர்காஸ் அந்த மாதக் கடைசியில் தன் நாட்குறிப்பில், நேற்று வெற்றியின் உச்சியில் இருந்தோம், இன்று முழு அழிவு நம் பங்காகத் தெரிகிறது என்று எழுதினார். துப்பாக்கியும் மருந்தும் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தவர் அவர், அதனால் அவர் சொல்லுக்கு எடை அதிகம். ஆனால் அவர் ஒப்பாரி வைத்தது விக்ஸ்பர்க், ஹட்சன் துறை, கெட்டிஸ்பர்க் எல்லாம் சேர்ந்து விழுந்ததற்கு.

வடக்கில் கொண்டாட்டமா என்றால், ஜூலை 13 முதல் நியூயார்க் பற்றி எரிந்தது. கட்டாய ஆள்சேர்ப்பை எதிர்த்து எழுந்த கலவரம், கறுப்பின மக்களைத் தேடித் தேடிக் கொல்வதாக மாறியது. நூறுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அடக்குவதற்கு, கெட்டிஸ்பர்க் பக்கம் போயிருந்த படைகளையே திருப்பிக் கொண்டுவர வேண்டியிருந்தது.

பிறகு எப்படிக் கெட்டிஸ்பர்க் மட்டும் பெயர் தட்டிக்கொண்டு போனது?

பாதிக் காரணம் பத்திரிகைகள். நியூயார்க், பிலடெல்பியா, வாஷிங்டன் எல்லாம் பக்கத்தில் இருக்கின்றன. மிசிசிப்பி எங்கோ தூரத்தில். அடுத்து, 1863 நவம்பர் 19 அன்று அங்கே கல்லறைத் தோட்டத்தைத் திறந்துவைக்கப் போன லிங்கன் சுமார் 270 சொற்களில் பேசிய பேச்சு. அவருக்கு முன் எட்வர்ட் எவரெட் என்பவர் இரண்டு மணி நேரம் பேசினார். அது யாருக்கும் நினைவில்லை.

மீதிக் காரணம் தோற்றவர்கள். லீ 1870-இல் இறந்த பிறகு, எர்லி முதலான தெற்கின் பழைய தளபதிகள், லீ தவறே செய்யமாட்டார், லாங்ஸ்ட்ரீட் சுணங்கியதால்தான் கெட்டிஸ்பர்க் கைவிட்டுப் போனது என்று ஒரு கதையைக் கட்டினார்கள். அந்தக் கதைக்கு ஒரு நாள், ஒரு மணி நேரம், "மட்டும் இப்படி நடந்திருந்தால்" என்று பெருமூச்சு விட ஒரு வயல்வெளி தேவை. டென்னசிச் சேறு அதற்கு உதவாது. 47 நாள் பட்டினியும் உதவாது. நாங்கள் அடிமை முறைக்காகச் சண்டை போட்டோம் என்பதை மறைக்கவும் இந்தப் பெருமூச்சு வசதியாக இருந்தது. அந்தக் களத்தில் "உச்ச நீர்மட்டம்" என்ற நினைவுச் சின்னத்தை 1892-இல் வைத்தார்கள். தெற்கின் வெள்ளம் இதுவரை வந்து வடிந்ததாம். 1913-இல், ஐம்பதாம் ஆண்டில், இரு தரப்பிலும் எஞ்சியிருந்த 50,000-க்கும் மேற்பட்ட முதியவர்கள் அங்கே கூடிக் கைகுலுக்கினார்கள். இவ்வளவுக்குப் பிறகு வேறு ஊர் போட்டிக்கு வர முடியுமா?

முதலில் சொன்ன "பலரும் நினைக்காத சண்டை" எது?

ஆண்டீட்டம். 1862 செப்டம்பர் 17, மேரிலாந்து மாநிலத்தில் ஷார்ப்ஸ்பர்க் அருகே ஓர் ஓடைக்கரை. ஒரே நாளில் ஆள்சேதம் ஏறத்தாழ 22,700. அமெரிக்க வரலாற்றில் ஒரு நாளில் இவ்வளவு ரத்தம் வேறெப்போதும் சிந்தவில்லை.

இதன் முன்கதையே விசித்திரம். லீ மேரிலாந்துக்குள் நுழைந்து படையைப் பல துண்டாகப் பிரித்து அனுப்பியிருந்தார். யார் எங்கே போகிறார்கள் என்ற உத்தரவின் ஒரு படி, மூன்று சுருட்டுகளைச் சுற்றிய நிலையில், கைவிடப்பட்ட முகாமில் வடக்குச் சிப்பாய்கள் கையில் கிடைத்தது. எதிரியின் முழுத் திட்டமும் மடியில் வந்து விழுந்தும், வடக்கின் தளபதி மெக்லெல்லன் மெதுவாகத்தான் நகர்ந்தார். சண்டையன்று ஆள் பலத்தில் லீயைவிட ஏறத்தாழ இரு மடங்கு இருந்தும், மொத்தமாக மோதாமல் காலையில் இங்கே, நடுப்பகலில் அங்கே, மாலையில் வேறெங்கோ என்று தவணை முறையில் மோதினார். சோளக்காட்டில் விடிகாலையில் தொடங்கியது, பள்ளமான வண்டித்தடத்தில் பிணங்கள் அடுக்கடுக்காகக் கிடந்தன, கல் பாலத்தைக் கடக்கவே பகல் போய்விட்டது. மறுநாள் முழுக்க லீ களத்திலேயே நின்றார். அன்றிரவு நிதானமாக ஆற்றைக் கடந்து போனார். மெக்லெல்லன் விட்டுவிட்டார்.

களத்தை மட்டும் பார்த்தால் இது சமன்.

ஆனால் லிங்கனின் மேசை இழுப்பறையில் ஒரு காகிதம் காத்திருந்தது. ஜூலை 22 அன்று அடிமை விடுதலைப் பிரகடனத்தின் வரைவை அமைச்சர்களிடம் வாசித்துக் காட்டியபோது, வெளியுறவு அமைச்சர் சீவர்ட், தோல்வி மேல் தோல்வி வருகிற நேரத்தில் வெளியிட்டால் பின்வாங்குகிறவனின் கடைசிக் கூச்சல் போலிருக்கும், ஒரு வெற்றி வரட்டும் என்றார். அதன் பிறகு வந்தவையும் தோல்விகளே. ஆண்டீட்டத்தில் லீ பின்வாங்கினார் என்ற ஒன்றே லிங்கனுக்குப் போதுமானதாக இருந்தது. ஐந்தாம் நாள், செப்டம்பர் 22 அன்று, அறிவித்துவிட்டார்: ஜனவரி 1-க்குப் பிறகும் கலகத்தில் இருக்கிற மாநிலங்களில் அடிமைகள் அனைவரும் விடுதலை பெற்றவர்கள்.

அந்தச் செப்டம்பரில்தான் பிரிட்டனின் பிரதமர் பாமர்ஸ்டனும் வெளியுறவு அமைச்சர் ரஸ்ஸலும், நடுவில் புகுந்து சமாதானம் பேசலாமா, தெற்கைத் தனி நாடாக ஏற்கலாமா என்று கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். லீ பின்வாங்கிய செய்தி வந்ததும் பாமர்ஸ்டன், பொறுத்துப் பார்ப்போம் என்று பின்வாங்கினார். நவம்பரில் அமைச்சரவை அந்த யோசனையைக் கைவிட்டது. பிரகடனம் ஊன்றிப்போன பிறகு, அடிமை முறையை ஒழித்துவிட்டதாகப் பெருமை பேசும் நாடு தெற்கின் பக்கம் சாய்வது மேலும் கடினமானது.

ஆனால் பிரகடனம் வந்தவுடன் பெரும்பாலானோருக்கு விடுதலை கிடைக்கவில்லையே?

வடக்கோடு இருந்த அடிமை மாநிலங்களுக்கு அது பொருந்தவில்லை, அதுவும் உண்மை. ஆனால் அதற்கு முன்பு தெற்கு ஆயுதத்தைக் கீழே போட்டிருந்தால், நாடு பழையபடி ஒன்றாகியிருக்கும், அடிமை முறையும் பழையபடி இருந்திருக்கும். ஜனவரி 1, 1863-க்குப் பிறகு அந்த வழி கிடையாது. வடக்குப் படை ஒரு மைல் முன்னேறினால் ஒரு மைல் விடுதலை. சுமார் 1,80,000 கறுப்பினத்தவர் வடக்கின் நீலச் சீருடை போட்டார்கள், பலர் முந்தைய ஆண்டு வரை அடிமைகளாக இருந்தவர்கள். தெற்கின் வயலில் உழைத்த கை வடக்கின் துப்பாக்கியைப் பிடித்தால் ஒரே ஆளுக்கு இரண்டு பக்கமும் கணக்கு மாறும்.

கட்டாயம் ஒன்றைச் சொல் என்றால் நான் ஆண்டீட்டத்தையே சொல்வேன். இதற்கும் மறுப்பு வரும்: திருப்பியது சண்டை அல்ல, பிரகடனம்தானே? ஆமாம். முதல் பதிலில் நான் சொன்னதும் அதுதான். செப்டம்பர் 17-ஐ லிங்கன் கையில் எடுக்காமல் விட்டிருந்தால், அது பொருளில்லாமல் பல பேர் செத்த இன்னொரு நாள், அவ்வளவே.

1864-இல் அட்லாண்டா விழுந்ததே?

நண்பர் ஒருவர் எப்போதும் இதைத்தான் சொல்லுவார், அவரை என்னால் முழுதாக மறுக்க முடிந்ததில்லை. 1864 கோடையில் கிராண்ட் வர்ஜீனியாவில் பீட்டர்ஸ்பர்க் பதுங்குகுழிகளுக்கு முன் சிக்கிக் கிடந்தார். இறந்தவர் பட்டியல் தினமும் வந்தது. நவம்பரில் தேர்தல். ஆகஸ்ட் 23 அன்று லிங்கன் ஒரு தாளில், இந்த நிர்வாகம் மறுபடி தேர்ந்தெடுக்கப்படாது என்றே தோன்றுகிறது என்று எழுதி மடித்து, உள்ளே இருப்பதைக் காட்டாமலே அமைச்சர்களிடம் கையெழுத்து வாங்கினார். எதிர்க்கட்சி சிகாகோவில் கூடிப் போரை நிறுத்தும் திட்டத்தோடு மெக்லெல்லனை நிறுத்தியது. ஆம், ஆண்டீட்டத்தில் லீயைத் தப்பவிட்ட அதே மெக்லெல்லன்.

செப்டம்பர் 2 அன்று வடக்குத் தளபதி ஷெர்மனின் படை அட்லாண்டாவுக்குள் நுழைந்தது. வடக்கின் மனநிலை ஒரே வாரத்தில் மாறியது. நவம்பர் 8 அன்று லிங்கனுக்கு 212 தேர்வாளர் வாக்குகள், மெக்லெல்லனுக்கு 21. களத்திலிருந்த சிப்பாய்களே தங்கள் பழைய தளபதியைவிட்டு லிங்கனுக்குப் பெருவாரியாக வாக்களித்தார்கள்.

அட்லாண்டாவுக்கு எதிரான என் வாதம் ஒன்றுதான்: அதுவும் மே மாதம் தொடங்கி நாலு மாதம் நீண்ட படையெடுப்பு. எந்த நாளைச் சுட்டிக்காட்டுவது? ஜூலை 20-ஐயா, 22-ஐயா, 28-ஐயா, ஜோன்ஸ்பரோவில் ரயில் பாதையை வெட்டிய நாளையா? நண்பர் இதை ஏற்கவில்லை. இந்த விஷயத்தில் அவரவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

ஆளும் தொழிற்சாலையும் வடக்கிடம். எப்படியும் வடக்குதானே ஜெயித்திருக்கும்?

வடக்கில் 2.2 கோடிப் பேர். தெற்கில் 90 லட்சம், அதில் சுமார் 35 லட்சம் அடிமைகள். இரும்பு, துணி, துப்பாக்கி, ரயில் பாதை எதை எடுத்தாலும் வடக்கின் கைதான் மேலே. ஆனால் வடக்கு ஒரு பெரிய நிலப்பரப்பைப் போய்ப் பிடிக்க வேண்டும். தெற்கு தோற்காமல் இருந்தால் போதும். எதிராளிக்கு அலுத்துப்போகும் வரை தாக்குப்பிடித்தால் தனி நாடு. அதனால்தான் லிங்கன் தேர்தலை நினைத்து அவ்வளவு பயந்தார். தொழிற்சாலை எண்ணிக்கை எல்லாம் ஒரு வாக்குச்சீட்டில் வீணாகியிருக்கும்.

வேறு உள்நாட்டுப் போர்களில் ஒரே சண்டை முடிவு கட்டியதில்லையா?

கிட்டத்தட்ட கட்டிய இடங்கள் உண்டு. இங்கிலாந்தில் 1645 ஜூன் 14 அன்று நேஸ்பியில் மன்னர் சார்லஸின் காலாட்படை அநேகமாக முழுதும் பிடிபட்டது. மாற்றுப் படை திரட்ட அவரிடம் ஒன்றும் இல்லை. அதைவிட மோசம், அவருடைய கடிதப் பெட்டியும் சிக்கி, அந்நியப் படைகளை வரவழைக்க அவர் முயன்றது அச்சாகி ஊரெல்லாம் பரவியது. ஜப்பானில் 1600-இல் செக்கிகஹாராவில் ஒரே நாள். கோபயகாவா என்ற பிரபு நடுச் சண்டையில் கட்சி மாறியதும் எதிரணி சரிந்தது, தொக்குகாவா குடும்பம் 1868 வரை ஆண்டது. ஆனால் அவர்கள்கூட 1615-இல் ஒசாகா கோட்டையை இடித்த பிறகே நிம்மதியாகத் தூங்கினார்கள். ரோமில் பொ.ஆ.மு. 48-இல் ஃபார்சலஸில் பாம்பேயை சீசர் முறியடித்தார். அதற்குப் பிறகும் ஆப்பிரிக்காவில் ஒன்று, ஸ்பெயினில் ஒன்று என மூன்றாண்டு இழுத்தது.

இங்கெல்லாம் ஒரு தலைவர், ஒரு முதன்மைப் படை. அதை உடைத்தால் பெரும்பகுதி முடிந்தது. அமெரிக்காவில் இரண்டு நாடாளுமன்றங்கள், இரண்டு நாணயங்கள், கிழக்கில் ஒரு போர், மேற்கில் ஒரு போர். எதை உடைப்பது?

இந்தப் போரின் திருப்பங்கள் இந்தியாவில் யாருக்காவது உறைத்ததா?

பருத்தி வியாபாரிகளுக்கு உறைத்தது. பிரிட்டனின் ஆலைகளுக்குப் பருத்தி பெரும்பாலும் அமெரிக்கத் தெற்கிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. வடக்குக் கப்பல்கள் தெற்கின் துறைமுகங்களை அடைத்ததும் லங்காஷயரில் ஆலைகள் மூடின, இந்தியப் பருத்தியின் விலை பல மடங்கு ஏறியது. தூத்துக்குடியில் கப்பலேறிய திருநெல்வேலிப் பருத்திக்கும் நல்ல காலம். பம்பாயில் கொட்டிய பணம் வங்கிகளாகவும் கடலைத் தூர்க்கும் கம்பெனிகளாகவும் பங்குப் பத்திரங்களாகவும் பெருகியது. விக்ஸ்பர்க் விழுந்தால் என்ன, அட்லாண்டா விழுந்தால் என்ன, துறைமுகங்கள் அடைபட்டிருக்கும் வரை அங்கே திருவிழாதான். 1865-இல் லீ சரணடைந்த செய்தி வந்ததும் பருத்தி விலை சரிந்தது, பின்னாலேயே பங்குகள் காகிதமாயின, பெரிய பெரிய வணிக நிறுவனங்கள் திவாலாயின. அந்த ஆட்டத்தின் ராஜா பிரேம்சந்த் ராய்சந்தும் விழுந்தார். நல்ல காலத்தில் தன் தாயின் பெயரில் மணிக்கூண்டு கட்ட அவர் கொடுத்த பணத்தில் எழுந்த ராஜாபாய் கோபுரம் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் இன்றும் மணி அடிக்கிறது.